தூசி மறைத்ததும் தூசி செய்ததும்

திருகோணமலை

அன்புள்ள பிள்ளைக்கு,

மூதூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். கேள்விகளைப் பார்த்தாலே அது தெரிகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மிகப் பழைய விண்மீன் திரள் ஒன்றில் தூசியைக் கண்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்கிறீர்கள். தூசி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்பது ஒன்று. இந்த ஆராய்ச்சியில் எங்கள் நாட்டவர் யாருக்காவது பங்குண்டா என்பது மற்றது. சந்திர விக்கிரமசிங்க என்ற பெயரை எடுத்ததும், "வானத்திலிருந்து காய்ச்சலும் தடிமனும் விழுகிறதென்று சொன்ன ஆள்தானே" என்று வீட்டுப் பெரியவர்கள் சிரித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் உங்கள் இரண்டு கேள்விக்குமான பதில் அந்தப் பெயரில்தான் வந்து சேர்கிறது. அதனால்தான் தபாலில் தனியாகப் போடாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் தூசி எது என்று பார்ப்போம். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் வாயுவோடு கலந்து கிடக்கும் திண்மத் துணிக்கைகளைத்தான் வானியலில் தூசி என்கிறார்கள். தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். பல அதைவிடச் சிறியவை. சில காபனால் ஆனவை. சில சிலிக்கன், ஒட்சிசன், மகனீசியம், இரும்பு சேர்ந்த கல்வகை. எங்கள் பால்வீதியில் விண்மீன்களுக்கு இடையே உள்ள பொருளின் திணிவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான் தூசி. மிச்சமெல்லாம் வாயு.

கச்சான் வீசுகிற ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் பக்கம் மழைமேகம் குறைவு. துறைமுக வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து, இரவு ஒன்பது பத்து மணிக்குத் தெற்கு நோக்கி நில்லுங்கள். விருச்சிகத்தின் வால் பக்கமாக எழும்பும் பால்வீதியின் நடுவே நீளமாக ஒரு கறுப்பு ஓடும். அந்த இடத்தில் விண்மீனே இல்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். வில்லியம் ஹெர்ஷல் போன்ற ஒருவரே இப்படியான இருட்டுத் திட்டுகளை வானத்தின் ஓட்டைகள் என்று கருதினார். 1930இல் றொபேட் ட்ரம்ப்ளர் தூரத்து விண்மீன் கொத்துகளை அளந்து, இடைவெளி எங்கும் பரவியிருக்கும் தூசி ஒளியைத் தின்றுவிடுகிறது என்று நிறுவினார். அன்றிலிருந்து வானியலாளருக்குத் தூசி ஒரு தொல்லையாயிற்று. அது மறைக்கிற அளவைக் கணித்துக் கழித்துவிட்டு மேலே போவார்கள். அந்தத் தூசி எங்கே பிறந்தது, என்ன வேலை செய்கிறது என்று விடாமல் கேட்டவர்கள் அப்போது சிலபேர்தான்.

அந்த வேலை என்னவென்று விளங்க, தூசி இல்லாத காலத்துக்குப் போகவேண்டும். 1380 கோடி ஆண்டுக்கு முன் பெருவெடிப்பு தந்தவை ஐதரசன், ஈலியம், மிகச் சிறிதளவு இலிதியம். இந்த மூன்றைக் கொண்டு ஒரு துணிக்கை தூசிகூடச் செய்ய முடியாது. வாயு முகில் ஒன்று தன் ஈர்ப்பினால் சுருங்கி விண்மீனாக வேண்டுமென்றால், சுருங்கும்போது ஏறுகிற வெப்பத்தை அது எப்படியாவது வெளியே தள்ளவேண்டும். தள்ள முடியாவிட்டால் உள்ளழுத்தம் கூடி, சுருங்குவது நின்றுவிடும். ஆதி வாயுவில் அந்த வேலைக்கு இருந்தது ஐதரசன் மூலக்கூறு மட்டும். அது வெப்பத்தை வெளியேற்றுவதில் மிக மந்தம். அதனால் முகில்கள் சிறு துண்டுகளாக உடையவில்லை. பெரும் பெரும் கட்டிகளாகவே சுருங்கின. முதல் விண்மீன்கள் சூரியனைப்போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு திணிவோடு பிறந்து, விரைவில் எரிந்து, வெடித்துத் தீர்ந்தன என்று கணிப்புகள் சொல்கின்றன. காபனும் ஒட்சிசனும் சிலிக்கனும் அவற்றின் வயிற்றில் உருவானவை.

அந்த மூலகங்கள் குளிர்ந்து தூசியானதும் நிலைமை மாறிவிடுகிறது. வாயு அணுக்கள் தூசியோடு மோதித் தங்கள் வெப்பத்தைக் கொடுக்கின்றன. தூசி அதை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகிறது. அந்தக் கதிர் முகிலைத் துளைத்துக்கொண்டு போய்விடும். முகில் குளிர்கிறது, சிறு துண்டுகளாக உடைகிறது, சூரியனைப் போன்ற சிறிய, நீண்டகாலம் வாழும் விண்மீன்கள் பிறக்கின்றன. சூரியனில் உள்ள பாரமூலகங்களின் அளவில் இலட்சத்தில் ஒரு பங்கு இருந்தால்கூட, அதில் தூசியும் இருந்தால், இந்த மாற்றம் நடந்துவிடும் என்று கணினிக் கணிப்புகள் காட்டுகின்றன.

தூசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். வெட்டவெளியில் இரண்டு ஐதரசன் அணு சந்தித்தால் ஒட்டுவது அரிது. சேரும்போது வெளிப்படும் சக்தியை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக எதுவும் இல்லாததால் உடனே பிரிந்துவிடும். ஒரு தூசியின் மேற்பரப்பில் இரண்டும் வந்து அமர்ந்தால், அந்தச் சக்தியைத் தூசி வாங்கிக்கொள்கிறது. அணுக்கள் மூலக்கூறாகி வெளியேறுகின்றன. இன்று பால்வீதியில் விண்மீன் பிறக்கும் முகில்களெல்லாம் ஐதரசன் மூலக்கூறால் நிறைந்தவை. அதில் பெரும்பங்கு இப்படித் தூசியின் முதுகில் உருவானது. நூற்றுக்கு ஒரு பங்கு மிச்சம் தொண்ணூற்றொன்பதையும் ஆட்டிவைக்கிறது.

அப்படியானால் முதல் தூசி எங்கிருந்து வந்தது? இங்கேதான் சிக்கல். தூசி செய்யும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, சூரியனைப்போல இரண்டு மூன்று மடங்கு திணிவுள்ள, முதுமையில் ஊதிப் பெருத்த சிவப்பு விண்மீன்கள். அவற்றின் வெளிப்புறம் குளிரும்போது காபன் உறைந்து கரியாகிறது. குப்பிவிளக்கின் சுவாலைக்கு மேலே கரி படிகிறதே, ஏறக்குறைய அதே இரசாயனம். ஆனால் அந்த முதுமை வருவதற்கே முப்பது நாற்பது கோடியிலிருந்து நூறு கோடி ஆண்டுவரை செல்லும். மற்றது, பாரிய விண்மீன்கள் வெடிக்கும் சுப்பர்நோவா. அதற்குச் சில கோடி ஆண்டு போதும்.

2015இல் சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கித் தொகுதி, ஏ1689-இசட்டி1 என்ற சிறு விண்மீன் திரளில் தூசி இருப்பதைக் காட்டியது. பிரபஞ்சத்துக்கு எழுபது கோடி வயதுதான் ஆகியிருந்த காலம் அது. இருந்த தூசியோ சூரியனைப்போலக் கோடிக்கணக்கான மடங்கு திணிவு. கிழட்டு விண்மீன்களை மட்டும் நம்பினால் இந்தக் கணக்கு கட்டாது.

சுப்பர்நோவா இவ்வளவு தூசி தருமா? அதற்கான பதிலை எங்கள் தெற்கு வானம்தான் தந்தது. 1987 பெப்ரவரியில் பெரிய மகெல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்தது. எங்கள் ஊரில் அது போர்க்காலம், இரவில் வெளியே நின்று வானம் பார்க்கிற காலமாக இருக்கவில்லை என்பது உங்கள் பெற்றோருக்குத் தெரியும். வெடித்து ஏறக்குறைய ஐந்நூறு நாளில் அதன் சிதறல்களுக்குள் தூசி உறையத் தொடங்கிவிட்டதை மற்ற நாடுகளில் அளந்தார்கள். 2011இல் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது அந்த ஒரு வெடிப்பில் சூரியத் திணிவில் ஏறக்குறைய பாதியளவு குளிர்ந்த தூசி இருந்தது. பூமியைப்போல ஒன்றரை இலட்சம் உருண்டை செய்யலாம். அதில் எவ்வளவு தப்பும் என்பது வேறு கேள்வி. வெடிப்பலை திரும்பி உள்நோக்கி அடிக்கும்போது பெரும்பங்கு பொடிந்து மறுபடி வாயுவாகிவிடக்கூடும். தப்பிய துணிக்கை பிறகு முகில்களுக்குள் வாயுவைப் படியவைத்து வளரவும் கூடும். இது இன்றும் அடிபடுகிற விவாதம்.

கிழட்டு விண்மீன், சுப்பர்நோவா என்ற இந்த இரண்டு பட்டறையின் சரக்கும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. புல்மோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? மணல் அள்ளுவதற்கென்று 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனத்தையே தொடங்கினார்கள். அலை வடிந்ததும் வெண்மணலின் மேலே கறுப்புக் கோடு கோடாகக் கிடக்கும். ஒரு பிடி அள்ளினால் கை தாழும். சாதாரண மணலைவிட ஒன்றேமுக்கால் மடங்கு அடர்த்தி. அந்தக் கறுப்பு இல்மனைற்று: இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும். இடையிடையே மினுங்குகிற வெளிறிய மணி சேர்க்கன்: சேர்க்கோனியம், சிலிக்கன், ஒட்சிசன். தைத்தானியம் சுப்பர்நோவாக்களில் உருவாவது. கசியோப்பியா ஏ என்ற வெடிப்பு எச்சத்தில் கதிரியக்கத் தைத்தானியம் சிதறிக் கிடப்பதை நுஸ்டார் தொலைநோக்கியால் படமாக்கி 2014இல் வெளியிட்டார்கள். சேர்க்கோனியத்தில் பெரும்பகுதி அந்தக் கிழட்டுச் சிவப்பு விண்மீன்களுக்குள் மெல்ல மெல்ல நியூத்திரன் சேர்ந்து விளைந்தது. இரண்டும் எளிதில் ஆவியாகாத மூலகங்கள். விண்வெளியில் பெரும்பாலும் தூசிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 457 கோடி ஆண்டுக்கு முன் சூரிய மண்டலம் திரண்டபோது அப்படித்தான் இங்கே வந்தன. பிறகு பாறையாகி, பாறை தேய்ந்து, ஆற்றோடும் கடலோடும் புல்மோட்டைக் கரையில் ஒதுங்கின.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1960 வரை விண்வெளித் தூசி என்றால் பனிக்கட்டித் துணிக்கை என்பதுதான் பெருவழக்கு. வான் டி ஹுல்ஸ்ற் என்ற ஒல்லாந்து அறிஞர் வகுத்தது அது. 1939இல் கொழும்பில் பிறந்து, றோயல் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் பெற்று, பொதுநலவாயப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் போன சந்திர விக்கிரமசிங்க, தன் ஆசிரியர் பிரெட் ஹொயிலோடு சேர்ந்து 1962இல் ஒரு கட்டுரை எழுதினார். வானத் தூசி காரீயமாக, அதாவது கிராபைற்று என்ற காபனாக இருக்கலாம், காபன் மிகுந்த குளிர்ந்த விண்மீன்களின் வளிமண்டலத்தில் அது உறைந்து வெளியே தள்ளப்படுகிறது என்பது அவர்கள் கருத்து. அப்போது அவருக்கு 23 வயது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயத்தால் உலகம் அறிந்த நாட்டிலிருந்து போன மாணவர் வானத்திலும் காரீயத்தைக் கண்டது தற்செயல்தான். இருந்தாலும் எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்த வருடங்களில் இலங்கையைத் தொட்டு இன்னொரு தூசிக் கதையும் நடந்தது. 1956இல் கோணேசர் மலைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் எச்சங்களைப் பார்த்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், 1961இல் சந்திரனில் தூசிக்கடல் ஒன்றில் புதைந்துபோகும் ஊர்தியைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டார். சந்திரனில் ஆழமான தூசி இருக்கலாம் என்று அன்று சில விஞ்ஞானிகள் உண்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1966இல் சேர்வேயர் 1 புதையாமல் இறங்கியதும் அந்தப் பயம் தீர்ந்தது.

காரீயத்தின் கதை அப்படி முடியவில்லை. 1965இல் தியடோர் ஸ்ரெச்சர், ஏவூர்தியில் அனுப்பிய கருவிகளால் புற ஊதாவில் பார்த்தபோது, 217.5 நனோமீற்றரைச் சுற்றித் தூசி ஒளியை மிகக் கூடுதலாகத் தின்கிறது என்று கண்டார். வரைபில் அது ஒரு மேடாக எழும்பி நிற்கும். சிறிய காரீயத் துணிக்கை அந்த இடத்தில்தான் ஒளியை உறிஞ்சவேண்டும் என்று கணிப்பு சொன்னது. சில வருடத்தில் சிலிக்கேற்றின் தடயமும் அகச்சிவப்பில் அகப்பட்டது. ஆக, எல்லாமே காரீயம் என்பது சரியில்லை. 1977இல் மதிஸ், றம்பிள், நோர்ட்சிக் மூவரும் காரீயமும் சிலிக்கேற்றும் கலந்த ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். பல பத்தாண்டு அதுதான் எல்லாருக்கும் அடிப்படை. அந்த மேட்டை எந்த வடிவக் காபன் எழுப்புகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. காபன்தான் என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை.

இப்போது நீங்கள் படித்த செய்திக்கு வருவோம். 2023 ஜூலையில் நேச்சர் இதழில், அதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யோரிஸ் விற்ஸ்ரொக் குழுவினர், ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்6-0 என்ற விண்மீன் திரளின் நிறமாலையை வெளியிட்டார்கள். பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய எண்பது கோடி வயதானபோது கிளம்பிய ஒளி. அதில் அந்த மேடு இருக்கிறது. அதாவது, அந்தக் காலத்திலேயே காபன் தூசி உண்டாகிவிட்டது. முதுமையடைந்த சிவப்பு விண்மீன்களுக்குப் போதிய நேரம் இருந்திருப்பது அரிது என்பதால், சுப்பர்நோவாக்களையோ, வெடிக்குமுன் தங்கள் வெளியுடலை வீசி எறிகிற பாரிய விண்மீன்களையோ அவர்கள் கைகாட்டினார்கள். சுப்பர்நோவாவில் தூசி உறையும் என்று 1970இலேயே ஹொயிலும் விக்கிரமசிங்கவும் நேச்சரில் எழுதியிருந்தார்கள். பெருவெடிப்பைத் தன் இறுதிவரை ஏற்காதவர் ஹொயில். அவர் கை வைத்த கருத்துதான் பெருவெடிப்புக்குப் பிந்திய முதல் நூறு கோடி ஆண்டைப் படிக்க இன்று உதவுகிறது.

வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் உண்மைதான். தூசி காபன் என்பதிலிருந்து, அது சேதனச் சேர்வை என்றும், பிறகு உறைந்த பற்றீரியா என்றும், நோய்கள் விண்ணிலிருந்து வருகின்றன என்றும் ஹொயிலும் விக்கிரமசிங்கவும் போய்க்கொண்டே இருந்தார்கள். விண்வெளியில் சேதன மூலக்கூறுகள் இருப்பது இன்று எல்லாரும் அறிந்தது. பற்றீரியாவும் காய்ச்சலும் ஏற்கப்படவில்லை; அதற்கான சான்று இல்லை. 2012 டிசம்பரில் எங்கள் பக்கத்து மாவட்டமான பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் வேற்றுலக உயிரின் சுவடு உண்டென்று விக்கிரமசிங்க குழு சொன்னதையும் மற்ற ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. காட்டிய நுண்பாசி இந்தப் பூமியின் நன்னீர்ப் பாசி என்றார்கள். எங்கள் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியது இந்தக் கல்லைப் பற்றி. 1962ஆம் வருடக் கட்டுரையைப் பற்றித் தமிழிலோ சிங்களத்திலோ நான் படித்தது மிகக் குறைவு. எனக்கு இது ஆற்றாமையாக இருக்கிறது. ஒருவருடைய சரியான வேலையை அவருடைய பிழையான வேலைக்குக் கீழே புதைத்துவிட்டு, எங்களுக்கு இதில் பங்கில்லை என்று நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் தூசி இப்போதும் ஆட்களை ஏமாற்றுகிறது. தூசி நீலத்தைத் தின்று சிவப்பை விடும். தூரமும் ஒளியைச் சிவப்பாக்கும். 2022இல் சியர்ஸ்-93316 என்ற மங்கல் புள்ளி, பிரபஞ்சத்துக்கு இருபத்துநாலு கோடி வயதுகூட ஆகாத காலத்தது என்று மதிப்பிட்டார்கள். அடுத்த வருடம் நிறமாலை எடுத்தபோது, அது நூற்றிருபது கோடி ஆண்டுக் காலத்துத் தூசி படிந்த விண்மீன் திரள் என்று தெரிந்தது. மறுபக்கத்தில், 2024இல் அறிவித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0, பிரபஞ்சத்தின் வயது முப்பது கோடி ஆண்டாகும் முன்பே பளிச்சென்று எரிகிறது. 2025இல் அல்மா அதில் ஒட்சிசனைக் கண்டது. ஆக, விண்மீன்கள் ஏற்கெனவே வெடித்திருக்கின்றன. தூசியோ மிகச் சொற்பம். புதிய விண்மீன்களின் ஒளியழுத்தமே தூசியை வெளியே தள்ளிவிட்டது என்பது ஒரு விளக்கம். தூசி உறைந்து வளர அவகாசம் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்தது சான்றாகாது. தள்ளப்பட்ட தூசியை எங்கேயாவது காட்டவேண்டும்.

பார்க்க விரும்பினால், ஜனவரி கடைசியில் மழை விட்ட ஒரு நாள், இரவு ஒன்பது மணியளவில், தெற்கே மரமும் விளக்கும் மறைக்காத இடத்தில் நில்லுங்கள். அகத்திய நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே சற்று வலப்புறமாக, தொடுவானத்திலிருந்து நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்துக்குச் சற்று மேலே, நல்ல இருட்டானால் ஒரு மங்கல் திட்டுத் தெரியும். அதுதான் பெரிய மகெல்லன் முகில். 1987இல் வெடித்தது அதற்குள்தான்.

1962ஆம் வருடக் கட்டுரை றோயல் வானியல் சங்கத்தின் மாத ஏட்டில் 124ஆம் தொகுதியில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். உயர்தரக் கணிதம் இருந்தால் பாதிக்குமேல் விளங்கும். அதைப் படித்தபின் 2023ஆம் வருடக் கட்டுரையின் வரைபைப் பாருங்கள். பால்வீதியில் அந்த மேடு நிற்பது 217.5இல். எண்பது கோடி வயதுப் பிரபஞ்சத்தில், தூரத்தால் வந்த சிவப்புப் பெயர்ச்சியைக் கழித்த பிறகும், அது 226 நனோமீற்றர் அளவில் நிற்கிறது. அன்றைய காபன் துணிக்கைகளின் கலவை வேறாக இருந்திருக்கலாம், காரீயத்தோடு மிக நுண்ணிய வைரத் துணிக்கைகளும் சேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், முடிவாகவில்லை. துணிக்கையின் பருமன் கூடினால் மேடு எந்தப் பக்கம் நகரும், அந்த நகர்வு மட்டும் இந்த வித்தியாசத்துக்குப் போதுமா என்று உங்கள் ஆசிரியரோடு இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.